கே.கே. நகர், தனி வீடு, கிழக்குப் பார்த்த வாசல்

சமையலறை மட்டும் இருட்டு, பகலிலும் லைட் போட வேண்டும். தன் வீட்டை விற்கிற விளம்பரத்தில் யாராவது இப்படி எழுதுவார்களா என்று சிரிப்புதான் முதலில் வந்தது எனக்கு. காலையிலிருந்து திருச்சி வீடுகளாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எல்லாரும் எழுதுவது ஒன்றேதான், நல்ல காற்று, நல்ல வெளிச்சம், இனிக்கிற தண்ணீர், பள்ளிக்கூடமும் பஸ் ஸ்டாப்பும் கூப்பிடு தூரம். வீடு விற்கிறவர்கள் ஊரில் இருட்டே கிடையாது. அதனால்தான் நின்று இன்னொரு தடவை படித்தேன். கே.கே. நகர், தனி வீடு, கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு படுக்கையறை, போர் தண்ணீர் உண்டு, சமையலறை மட்டும் இருட்டு. யாரோ உண்மை பேசுகிற மனுஷி என்று நினைத்தேன், மனுஷி என்று ஏன் நினைத்தேன், சமையலறையைப் பற்றி எழுதியதால்தான் போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினேன். நீலக் கேட். கேட்டின் அடிப்பக்கம் வெளியே வளைந்த ஒரு கம்பி. அந்தக் கம்பி ஏன் வளைந்தது என்று எனக்குத் தெரியும். தம்பி பிரிட்டோ சைக்கிள் பழகும்போது பிரேக் பிடிக்கத் தெரியாமல் முட்டியது அது, அவன் முழங்காலில் தையல் போட்டது அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில். எல்லா நீலக் கேட்டிலும் ஒரு கம்பி வளைந்துதான் இருக்கும் என்று மனசு சட்டென்று ஒரு பொய்யைத் தயாரித்துக் கொடுத்தது. நான் அதை வாங்கிக்கொள்ளவும் பார்த்தேன். அடுத்த படத்தைத் தட்டினேன். வரவேற்பறை. சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாக, ஆணியோடு. படத்தைக் கழற்றியிருக்கிறார்கள். சிரிப்பு இன்னும் என் முகத்திலேயே இருப்பது அப்போதுதான் தெரிந்தது, அதை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை.

எங்கள் வீடு. திருச்சியில் எங்கள் வீடு காலாவதியாகிவிட்டது. காலாவதி என்பது நான் சொல்கிற வார்த்தை இல்லை, திரையில் சிவப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சென்னையில் வீடு மனை விற்கிற இந்த இணையதளத்தில் எனக்கு இந்த வாரம் கொடுத்திருக்கிற வேலையே காலாவதியான பக்கங்களை ஒழுங்குபடுத்துவதுதான். விளம்பரத்தின் தவணை முடிந்ததும் பக்கம் போய்விடும், ஆனால் அதன் முகவரி போகாது, கூகுளில் தேடுகிறவர்கள் அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டே இருப்பார்கள், வந்து வெறும் பக்கத்தில் நிற்பார்கள். அப்படி நிற்கவிடாமல் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும், ரீடைரக்ட். எங்கள் டீம் லீடர் நிலோஃபர் காலையில் டீக் கோப்பையை ஆட்டிக்கொண்டே சொன்னாள், "வித்த வீடு திரும்பி வராது ஜெஸி, அதுக்கு பர்மனன்ட் போடு. கூகுள் பழைய அட்ரஸை மறந்துட்டுப் புதுசை வெச்சுக்கும். கல்யாணம், கிரகம் சரியில்லை அப்படின்னு சும்மா எடுத்து வெச்சிருந்தாங்கன்னா டெம்பரரி. பழைய அட்ரஸ் ஞாபகத்துலயே இருக்கும், திரும்ப வந்தா அதே எடத்துல ஒக்காந்துக்கலாம். மாத்திப் போட்டுடாத தாயே. விக்காததுக்கு பர்மனன்ட் போட்டா, வந்து பார்த்தவங்க பிரௌசர்கூட அதை மனப்பாடம் பண்ணிக்கும், நீ திருப்பி எடுத்தாலும் நம்பாது." தெரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "வீட்டுக்காரங்களுக்குப் போன் போட்டுக் கேளு. நீயா ஊகிக்காத." விளம்பரத்தை எடுக்கும்போது வீட்டுக்காரர்கள் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விற்றுவிட்டது அல்லது வேறு காரணம். எங்கள் வீட்டுக்கு எதிரே காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அது காலியாக இருப்பதைப் பார்த்ததும் காது மடல் இரண்டும் சுட்டன, ஏ.சி. நேராக என் கழுத்தில்தான் அடிக்கிறது, ஆனாலும் சுட்டன.

ஏமாற்றுக்காரன் எவனோ போட்டிருப்பான். அப்படியும் நடக்கிறதுதானே, யார் வீட்டுப் படத்தையோ எடுத்துப் போட்டு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓடிப்போகிறவர்கள். அந்த எண்ணம் வந்ததும் எவ்வளவு நிம்மதி, வீட்டுக்குத் திருடன் வந்திருக்கிறான் என்று தெரிந்து ஒருத்தி சந்தோஷப்பட்டாள் என்றால் அது நானாகத்தான் இருக்கும். அப்பா அம்மா இரண்டு பேரும் அங்கேதானே இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகூட அம்மாவிடம் பேசினேன், சர்ச்சுக்குப் போயிட்டு வந்தேன் என்றாள், வெயில் தாங்கவில்லை என்றாள், வீட்டை விற்கிறவள் பேசுகிற பேச்சா அது. அடுத்த படம், படுக்கையறை, பீரோ, பீரோவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குள் ஒரு பெண் இரண்டு கையாலும் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சுடிதார் போட்டிருக்கிறாள். மாம்பழ மஞ்சளில் சுடிதார், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்திருக்கிறாள். யார் இந்தப் பெண் என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுத் தரகராக இருப்பாள் என்றுகூட நினைத்தேன். அது அம்மா. என் அம்மா அமலோற்பவம். நர்ஸ் யூனிஃபார்மையும் புடவையையும் தவிர வேறு எதையும் அவள் உடம்பில் நான் பார்த்தது கிடையாது. நைட்டி வாங்கிக் கொடுத்தபோது தலையணைக்கு உறையாகத் தைத்துவிட்டவள். வீடு போனது பின்னால் போய்விட்டது, சுடிதார்தான் முன்னால் வந்து நின்றது, எப்போது வாங்கினாள், எந்தக் கடையில், அளவு கொடுத்துத் தைத்தாளா, கடைக்குப் போய் எனக்கு என்று கேட்டாளா, அப்பா பார்த்தாரா. வீட்டைப் பற்றி யோசி என்று என்னை நானே அதட்டினேன், யோசிக்க முடியவில்லை. கண்ணாடியில் தான் தெரிகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை, அவள் முகத்தில் ஒரு கவனம், ஊசி போடுவதற்கு நரம்பு தேடுகிறவர்களுக்கு இருக்கிற கவனம். அதைப் பார்த்தபின் திருடனை நான் அனுப்பிவிட்டேன்.

பிரிட்டோவுக்குப் போன் போட்டேன். ஓசூரில் ஃபாக்டரியில் இருப்பான், எடுக்க மாட்டான் என்று நினைத்தேன், உடனே எடுத்தான். "டேய், வீட்டை விக்கிறீங்களா?" என்றேன். "எந்த வீட்டை?" "எந்த வீடுன்னா, நமக்கு எத்தனை வீடு இருக்கு? திருச்சி வீடு. நீ சொல்லித்தான் அம்மா போட்டாங்களா?" அவன் பக்கம் மெஷின் சத்தம் கேட்டது. "அக்கா, சும்மா வெளையாடாத, நான் ஷிஃப்ட்ல இருக்கேன்." நான் சொன்னேன், கேட், கம்பி, திரு இருதயப் படம், கண்ணாடி. சுடிதாரைச் சொல்லவில்லை, ஏனோ அதைச் சொல்ல வாய் வரவில்லை, அது அம்மாவைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது. "அம்மாவா? அம்மாவுக்குப் போன்ல போட்டோ அனுப்பவே தெரியாதே அக்கா," என்றான். அதைத்தான் நானும் நினைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அம்மாவுக்கு என்னென்ன தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். "அப்பா ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டான், கேட்டதும் அவனே நிறுத்திக்கொண்டான், ஏனென்றால் வீடு அம்மா பெயரில்தான் என்றாலும், அப்பா ஒத்துக்கொள்வதென்றால் அம்மாவிடம் பேசியிருக்க வேண்டும். "நீயே கேளு அக்கா, எனக்குப் பயமா இருக்கு," என்று வைத்துவிட்டான். ஒரு குழந்தைக்கு அப்பன் அவன், பயமாக இருக்கிறதாம்.

அப்பா அம்மாவிடம் பேச மாட்டார். இதை நாங்கள் எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வோம், எங்க அப்பாவுக்குக் கோபம் என்போம், ரொம்ப வருஷத்துக் கோபம் என்போம். பிரிட்டோ எங்கள் சபையில் இல்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டபோது கல்யாணத்துக்குப் போகக்கூடாது என்றார் அப்பா. அம்மா நைட் டியூட்டி முடித்து, ஆஸ்பத்திரியிலேயே புடவை மாற்றிக்கொண்டு, பஸ் ஏறி ஓசூருக்குப் போய் நின்றாள். திரும்பி வந்தபோது அப்பா பேசவில்லை. ஒரு வாரத்துக் கோபம் என்று நினைத்தோம். கிறிஸ்துமஸ் வந்தால் சரியாகிவிடும் என்றோம், ஈஸ்டர் வந்தால் என்றோம், பேரப்பிள்ளை பிறந்தால் என்றோம். பேரப்பிள்ளை பிறந்தது, அப்பா ஓசூருக்குப் போனார், பிரிட்டோவைக் கட்டிக்கொண்டு அழுதார், மருமகள் கையால் சாப்பிட்டார், மகனை மன்னித்துவிட்டார். அம்மாவிடம் மட்டும் பேசவில்லை. வேண்டியதை என்னிடம் சொல்வார், நான் கல்யாணமாகி வந்தபின் யாரிடமும் சொல்லவில்லை, தானே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அம்மா மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். மாத்திரை எடுத்து வெச்சிருக்கேன் என்பாள், பால் பொங்கிருச்சு என்பாள், பதில் வராது, அடுத்ததைச் சொல்வாள். விடுமுறைக்குப் போகும்போது நான் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன், கேட்டுக் கேட்டுப் பழகி அது எனக்கு ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிட்டது, கேட்டால்தான் தூக்கம் வரும். சமையலறை மட்டும் இருட்டு. இருட்டா? அந்தச் சமையலறையில் நான் எத்தனை தோசை தின்றிருப்பேன், அது இருட்டென்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே. அங்கே எப்போதும் லைட் எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏன் எரிகிறது என்று யார் கேட்டார்கள்.

ஆபீஸ் போனில்தான் கூப்பிட்டேன். என் போனை எடுத்தேன், அம்மா என்ற பெயரைப் பார்த்தேன், வைத்துவிட்டேன். ஆபீஸ் போன் என்றால் கேட்க வேண்டியது எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதைப் படித்தால் போதும். மணி போனது. "ஹலோ, சொல்லுங்க," என்றது குரல். என் அம்மா சொல்லுங்க என்று ஆரம்பிக்கிறவள் இல்லை, யாரு, யாரு என்று கத்துகிறவள். இது நிதானமான குரல், பின்னால் வீட்டுச் சத்தம் எதுவும் இல்லை, எங்கோ காற்று, ஐஸ்காரன் மணி. "வணக்கம், உங்கள் வீட்டு விளம்பரம் விஷயமாகப் பேசுகிறோம்," என்று படித்தேன், "விளம்பரம் காலாவதியாகிவிட்டது. வீடு விற்றாகிவிட்டதா, இல்லை தற்காலிகமாக எடுத்து வைத்திருக்கிறீர்களா?" "தற்காலிகமான்னா?" என்றாள் அம்மா. "மறுபடி போடுவீங்களா, மாட்டீங்களான்னு கேக்கிறோம்." "மாட்டேன்மா. வித்தாச்சு. பத்திரம் முடிஞ்சிருச்சு." முடிந்துவிட்டது. நான் நன்றி சொல்லிவிட்டு வைக்க வேண்டும், எழுதிக் கொடுத்ததில் அடுத்த வரி அதுதான். "யாரையும் கேக்கலையா நீங்க?" என்று என் வாய் கேட்டது. "யாரைக் கேக்கணும்?" அவள் குரலில் கோபமே இல்லை, நிஜமாகவே யாரென்று தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி கேட்டாள். பிறகு, "ஜெஸியா?" என்றாள். நான் ம் என்றேன்.

"வணக்கம்னப்பவே சந்தேகமா இருந்துச்சு. நீ பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டிக்குப் போனா இப்படித்தான் மூக்கால ஆரம்பிப்ப," என்றாள் அம்மா. எங்கேம்மா இருக்க என்றேன். காரைக்காலில் என்றாள். பக்கத்துத் தெருவில் என்று சொல்வது மாதிரி சொன்னாள். கூட நர்ஸ் டிரெய்னிங் படித்த ஃபாத்திமா அங்கே ஒரு கிளினிக் வைத்திருக்கிறாளாம், காலையில் மட்டும் போய் ஊசி போட்டு, கட்டுக் கட்டிவிட்டு வருகிறாளாம், மாடியில் ஒரு ரூம் எடுத்திருக்கிறாளாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், ஏதோ தூரத்து உறவுக்காரியின் கதையைக் கேட்கிற மாதிரி. "அப்பா?" "மாசக் கடைசி வரைக்கும் அங்கதான் இருப்பார், வாங்கினவங்க ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் லால்குடியில அவரோட அக்கா வீடு. அவருக்குச் சேர வேண்டியதைச் சேத்துட்டேன்." "அவருக்குத் தெரியுமா?" "தெரியாம எப்படி? பத்திர நகலை டேபிள்ல வெச்சேன். படிச்சார். மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஆட்டோவுல வந்து ஒக்காந்தார். சாட்சிக் கையெழுத்து அவர்தான் போட்டார்." அப்பா, வெள்ளைச் சட்டை, ஆட்டோ, அம்மா பக்கத்தில். "ஒண்ணும் சொல்லலியா அவர்?" "சொன்னாரே. என்னைப் பார்த்துப் பேசினார்." "என்னம்மா சொன்னார்?" "பேனா இருக்கான்னு கேட்டார்." சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். ஆபீஸில் என்னைச் சுற்றி எல்லாரும் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், இத்தனை வருஷம் கழித்து என் அப்பா என் அம்மாவிடம் பேசிய வார்த்தை பேனா இருக்கா. "நீ என்ன சொன்ன?" "கொடுத்தேன். வேறென்ன செய்யச் சொல்ற."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன். கேட்கும்போதே அது ஒரு சின்னப்பிள்ளையின் குரலாக இருந்தது. ஐஸ்காரன் மணி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. "உங்க கம்பெனியிலதானே போட்டேன் ஜெஸி. வேற எத்தனை கம்பெனி இருக்கு, ஃபாத்திமா மருமகன் வேற ஒண்ணு சொன்னான், நான்தான் என் பொண்ணு வேலை பாக்குற எடத்துல போடணும்னு சொன்னேன். போட்டா நீ பார்ப்ப, பார்த்தா போன் பண்ணுவ, என்னம்மா இதுன்னு கேப்பன்னு நெனச்சேன். போட்ட அன்னிக்கு ராத்திரி தலமாட்டுலயே போனை வெச்சுக்கிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, லட்சம் வீடு இருக்கும்போல அதுல." லட்சம் இல்லை அம்மா, அதற்கும் மேலே. நான் திருச்சியே பார்ப்பதில்லை, இந்த வாரம்தான் கொடுத்தார்கள், என்று சொல்ல நினைத்தேன், சொன்னால் அது எவ்வளவு சரியான பதிலாக இருக்கும் என்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது. "நீ வேணாம்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்," என்றாள் அம்மா, "அதனால நீ பார்க்காததும் நல்லதாப் போச்சு." அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். ஒரு நோயாளியிடம் ரிசல்ட் சொல்கிற மாதிரி சொன்னாள். "சரி, வை. சாயங்காலம் உன் போன்லேருந்து கூப்பிடு, இதுல பேசினா ரெக்கார்டு ஆகும்னு போட்டிருக்கே."

போனை வைத்தேன். நிலோஃபர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "என்னாச்சு ஜெஸி, முகமே வெளிறிப்போச்சு, வீட்டுக்காரங்க திட்டிட்டாங்களா?" இல்லை என்றேன். "அந்த கே.கே. நகர் ஒண்ணு பாக்கி நிக்குதே. என்னவாம், டெம்பரரியா?" ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் நம்புவாள், முகவரி அப்படியே இருக்கும், கூகுள் ஞாபகம் வைத்துக்கொள்ளும், தேடி வருகிறவர்களிடம் இப்போதைக்கு இங்கே இல்லை, வேறு பக்கம் பாருங்கள், திரும்பி வருவார்கள் என்று மரியாதையாகச் சொல்லும். நாங்கள் அப்பாவைப் பற்றி அப்படித்தானே எல்லாரிடமும் சொல்லிவந்தோம். யாருக்கு என்ன நஷ்டம். விரல் அந்தப் பக்கம் போகவும் செய்தது. மாட்டேன்மா, வித்தாச்சு. அவள் சொன்ன சொல்லை நான் மாற்றிப் போடுவதா, அவள் யாரையும் கேட்காமல் எடுத்த முடிவை நான் இங்கே உட்கார்ந்து இல்லை என்று எழுதுவதா. "இல்ல நிலோஃபர். வித்தாச்சு," என்றேன். காரணம் என்ற கட்டத்தில் விற்றுவிட்டது என்று போட்டேன், பர்மனன்ட் போட்டேன், சேமித்தேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், அது விதி. பழைய முகவரியைத் தட்டினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் கே.கே. நகரில் விற்பனைக்கு இருக்கும் வீடுகள் என்ற பக்கத்துக்கு வந்து நின்றேன். வரிசையாக வீடுகள், எல்லாம் நல்ல வெளிச்சம், நல்ல காற்று. மறுபடி தட்டினேன், மறுபடியும் அங்கேதான். மஞ்சள் சுடிதாரில் நின்ற அந்தப் பெண்ணை நான் சேமித்து வைத்துக்கொள்ளவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

போன் அடித்தது. என் போன். அப்பா என்று வந்தது. அப்பா எனக்குப் போன் செய்கிறவர் இல்லை, நான் செய்தால் எடுத்து, நல்லா இருக்கேன், அங்க மழையா என்று கேட்டுவிட்டு வைப்பவர். எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். "ஜெஸி," என்றார். அவர் பேசுகிறது எதிரொலித்தது, வீட்டில் சாமான்களை எடுத்துவிட்டார்கள் போல. "சொல்லுங்கப்பா." இருமினார். "உங்கம்மா நம்பர் இருக்கா உன்கிட்ட?" எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "எந்த நம்பர்ப்பா?" "போன் நம்பர்தான். உங்கம்மாவோடது." "உங்க போன்ல இல்லியாப்பா?" "இல்ல," என்றார் அப்பா. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, இத்தனை வருஷம், அவர் போனில் அம்மாவின் நம்பர் இல்லை. "எதுக்குப்பா?" "பேசணும்." குரல் உடைந்திருந்தது, அதிகாரமும் கொஞ்சம் மிச்சமிருந்தது, "அனுப்பி வை, இப்பவே அனுப்பு." நம்பர் எனக்கு மனப்பாடம். வாய் வரைக்கும் வந்துவிட்டது, அப்பா கேட்டால் எடுத்துக் கொடுத்தே பழகின வாய். ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, என் வாய் திறந்திருந்தது.

"அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்ப்பா," என்றேன்.